நாலு குதிரைகளைப் பிடித்து நின்றவன்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் வில்ஃப்ரட் கார்மொடி துரை. அவனுக்குப் பிறகு செய்தவர்கள் நிறையப் பேர், உட்கார வைத்துக் கேட்டால் ஒவ்வொருவராகச் சொல்வேன், ஆனால் முதல் ஆள் இவன்தான், இவனுடைய கால்கள்தான் இப்போது என் மடியில் கிடக்கின்றன. நல்லெண்ணெயைச் சூடு பண்ணி உள்ளங்காலில் தேய்க்கிறேன். எவ்வளவு தேய்த்தும் சூடு ஏறவில்லை. சித்திரை வெயிலில் ஓடு காய்ந்து இந்தப் பரங்கிமலை வீடு முழுவதும் அடுப்படி மாதிரி கொதிக்கிறது, இவன் கால் மட்டும் கிணற்றுக் கல்லாக இருக்கிறது. குதிரைக்குச் சாவு காதில் தொடங்கும், தொட்டால் தெரியும். மனிதனுக்குக் காலில் போலிருக்கிறது. காலையில் டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "சொந்தக்காரங்க யாராவது இருந்தா சொல்லி அனுப்புப்பா" என்றார். சொந்தக்காரன் யார் இருக்கிறான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, பிள்ளை இல்லை. முப்பத்தைந்து வருஷமாக இவன் குதிரைகளையும் இவனையும் தேய்த்துவிடுகிறவன் நான்தான். சாகட்டும். எல்லாரும் சாகிறவர்கள்தான். ஆனால் இன்றைக்கு வேண்டாம். மூன்று மணிக்கு ரொசாரியோ வருகிறார், பழைய பட்டாளத்துக்காரர் சங்கத்தில் எழுத்து வேலை பார்ப்பவர், துரை சண்டையில் என்னென்ன செய்தான் என்று கேட்டு எழுதி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப் போகிறார். அதே நேரத்துக்கு என் தம்பி கன்னியப்பனின் பெண்டாட்டி கெங்கம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவள் காதில் விழும்படி இவன் வாயிலிருந்து ஒரே ஒரு பேச்சு வர வேண்டும். கன்னியப்பன் செத்துப்போனான், ஓடிப்போகவில்லை, நான் கண்ணால் பார்த்தேன். அவ்வளவுதான். முப்பத்தேழு வருஷம் அதற்காகத்தான். மூச்சு வருகிறது. கொஞ்சம் நிற்கிறது. நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவன் நெஞ்சையே பார்க்கிறேன். வருகிறது.

ஆஸ்திரேலியா என்றால் எங்களுக்குக் குதிரை வருகிற ஊர். வேறொன்றும் தெரியாது. ஒரு மாதம் கப்பலில் நின்றுகொண்டே வந்த குதிரைகள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கும்போது தரையை நம்பாது, கால் வைத்துக் கால் எடுத்துத் தள்ளாடும். நானும் தம்பியும் சைதாப்பேட்டைக் குதிரைப் பட்டியில் குதிரைக்காரர்கள். கழுத்தைத் தடவிக்கொடுத்து மெள்ள நடத்திக்கொண்டு வருவோம். அப்படி ஒரு கப்பலில் குதிரைகளோடு வந்தவன்தான் இவன், பத்தொன்பது வயது, முகமெல்லாம் சிவப்புப் புள்ளி, மூக்கு வெயிலில் உரிந்து தொங்கியது. இவன் அப்பன் மாடு ஓட்டுகிறவன். ஓரிடத்து மந்தையை இன்னோரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க மூன்று மாதம் ஆகுமாம் அந்தத் தேசத்தில், அப்படிப் போகிற வழியில் இவனைப் பெற்றுவிட்டு அம்மா செத்துப்போனாளாம். நடக்கிறதற்கு முன்னால் குதிரை ஏறினேன் என்பான். பொய் இல்லை, எந்த முரட்டுக் குதிரையும் இவன் தொடை பட்டால் அடங்கும், அதை நான் மறுக்க மாட்டேன். ஆள் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கெட்டவனாக இருந்திருந்தால் என்றைக்கோ காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன். எங்களோடு உட்கார்ந்து கேழ்வரகுக் கூழ் குடித்தான். எங்களிடம்தான் தமிழ் கற்றான், முதலில் வசவு, அப்புறம்தான் மற்றது. தம்பிக்கு அப்போது பன்னிரண்டு வயது, வாய் அதிகம். "எங்க அண்ணன் பேரு தேசிங்கு, தொரை. செஞ்சி ராஜா பேரு. அள்றது லத்தி" என்றான். அன்றிலிருந்து இவன் என்னை லத்தி ராஜா என்றுதான் கூப்பிடுவான். பட்டியில் ஒரு சட்டம் இருந்தது. துரை குதிரை முதுகில் குதிரைக்காரன் உட்காரக் கூடாது. தரையில் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும், துரை வந்து தன் கையால் வாங்குகிற வரைக்கும் கடிவாளத்தை விடக் கூடாது, இடி விழுந்தாலும் விடக் கூடாது. தம்பி ஒருநாள் ஏறி உட்கார்ந்தான். யாரும் இல்லை என்று நினைத்துச் செம்பட்டைக் குதிரை ஒன்றின் மேல் ஏறி, பட்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். மேஸ்திரி சாட்டையால் அடித்தான். அடித்து முடித்த பிறகு நான் ஓர் அறை அறைந்தேன், வேலை போய்விடும் என்ற பயத்தில். "இனிமே ஏற மாட்டேண்ணா" என்றான். ஏன் அறைந்தேன். சாட்டை அடித்தது போதாதா. மேஸ்திரி அடித்தது சட்டைக்கு மேலே விழுந்தது. நான் அறைந்தது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

கால் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது. இடது காலில் முட்டிக்குக் கீழே அந்தத் தழும்பு, கலிப்பொலியில் பட்டது. ஜெர்மன் சண்டை வந்ததும் இவன் ஊருக்குக் கப்பல் ஏறிப் போய்க் குதிரைப் பட்டாளத்தில் சேர்ந்தான். சேர்ந்தவனைக் குதிரையைப் பிடுங்கிக்கொண்டு துருக்கியில் அந்தக் கலிப்பொலி மலையில் குழி தோண்டி உட்கார வைத்தார்களாம். அப்புறம் குதிரையைக் கொடுத்துச் சினாய் மணலில் ஓடவிட்டார்கள். இதெல்லாம் இவன் சொன்னது. நானும் தம்பியும் கடைசி வருஷம்தான் போனோம், பம்பாயில் கப்பல் ஏறி, இந்தியக் குதிரைப்படைக்குக் குதிரைக்காரர்களாக. துப்பாக்கி கிடையாது, சண்டை கிடையாது, தண்ணீர் காட்டு, கொள்ளு வை, லத்தி அள்ளு. யோர்தான் ஆற்றுப் பள்ளத்தாக்கு. புண்ணிய நதி என்பார்கள் வேதக்காரர்கள். நான் பார்த்தது கணுக்கால் புதைகிற வெள்ளைப் புழுதியும் கொசுவும்தான். தினம் பத்துப் பேர் குளிர்காய்ச்சலில் விழுந்தார்கள். ஒருநாள் தண்ணீர்த் தொட்டியில் நிற்கிறேன், பின்னாலிருந்து, "டேய், லத்தி ராஜா!" திரும்பினால் இவன், தொப்பியில் கோழி இறகு மாதிரி ஏதோ செருகிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறான். தம்பியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். அந்தத் தேசத்தில் எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவன் இவன் ஒருத்தன். அவர்கள் பட்டாளத்தில் ஒரு வழக்கம். நாலு பேர் ஒரு கூட்டு, ஒன்றாகத் தின்று ஒன்றாகப் படுப்பார்கள். சண்டை என்று வந்தால் மூன்று பேர் துப்பாக்கியோடு இறங்கி ஓடுவார்கள். நாலாவது ஆள் இறங்க மாட்டான். தன் குதிரை மேல் உட்கார்ந்தபடியே மற்ற மூன்றையும் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் மறைந்திருப்பான். குண்டு வந்தால் நாலையும் கிளப்பிக்கொண்டு பறந்துவிடுவான். உட்கார்ந்திருக்க வேண்டும். அதில்தான் அவன் உயிர் இருக்கிறது. இவர்கள் கூட்டின் நாலாவது ஆள் காய்ச்சலில் விழுந்தான். விடியும் முன்னால் இவன் எங்கள் கூடாரத்துக்கு வந்தான். "ஒருத்தன் கொறையுது தேசிங்கு. நீ வா. ஆத்துக்கு அந்தாண்ட ஒரு சுத்து, மத்தியானம் திரும்பிடலாம். ஆபீசருக்குத் தெரியக் கூடாது." குதிரைக்காரனைச் சண்டைக்குக் கூட்டிப் போவது பெரிய குற்றம். எனக்குக் காய்ச்சல். இருந்தது. நிஜமாக இருந்தது. ஆனால் எழுந்து நிற்க முடியாத காய்ச்சலா. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "முடியல தொரை, தம்பியக் கூட்டிப் போங்க" என்றேன். "வாடா கன்னி" என்றான் இவன். தம்பிக்குச் சந்தோஷம், பட்டாளத்துக்காரனோடு போகிறோம் என்று. "குதிரைய வுட்றாத" என்று சொன்னேன். கடைசியாக அதைத்தான் சொன்னேன். பத்திரமாக வா என்று சொல்லவில்லை. நடுக்கம் இருந்தது, பல் அடித்துக்கொண்டது, ஆனால் நின்றிருக்கலாம். நான் போயிருந்தால் நானும் தரையில்தான் நின்றிருப்பேன். அதுவும் தெரியும்.

சாயங்காலம் மூன்று பேர் வந்தார்கள், வேறு ஆட்களின் குதிரைகளில் பின்னால் தொற்றிக்கொண்டு. குதிரை நாலும் இல்லை. தம்பி இல்லை. நான் காய்ச்சலோடு ஓடினேன், அப்போது ஓட முடிந்தது பார், "எங்க தொரை என் தம்பி?" இவன் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற ஆபீசரைப் பார்த்தான். கூடாரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த குதிரைக்காரன் ஒருவன் வழியில் வந்து குதிரைகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான் என்றான். நாலு குதிரையோடு ஓடிவிட்டான். அந்தப் பக்கத்தில் குதிரைக்கு நல்ல கிராக்கி, யாரும் சந்தேகப்படவில்லை. ஓடிப்போனவன் என்று காகிதத்தில் எழுதினார்கள். அந்தக் காகிதம் எனக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. கெங்கம்மாவுக்கு அப்போது பதினாறு வயது, கட்டிக்கொண்டு வந்து எட்டு மாதம். எகிப்துக்காரி எவளையோ வைத்துக்கொண்டான் என்று தண்ணீர்க் குழாயடியில் பேசினார்கள். செத்தவன் என்றால் கருமாதி உண்டு, பதினாறாம் நாள் உண்டு, ஒரு தாலியை அறுத்து ஓர் அழுகை அழுது முடிக்கலாம். ஓடினவனுக்கு ஒன்றும் இல்லை. தாலி இருக்கிறது, கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்கக் கூப்பிட மாட்டார்கள். விதவைகளும் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள், "உனக்கென்னடி, கல்லுமாதிரி புருசன் இருக்கான்" என்பார்கள். இப்போது ஐம்பத்து மூன்று வயது. நெற்றியில் காலணா அகலத்துக்குப் பொட்டு. சண்டை முடிந்து இரண்டு வருஷத்தில் இவன் மெட்ராஸுக்கே திரும்பி வந்தான், பந்தயக் குதிரை பழக்கும் வேலைக்கு. வந்ததும் என்னைத் தேடினான். என் குடிசை வாசலில் வந்து நின்று, "எங்கூட வந்துடு" என்றான். சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். இன்றைக்குச் சொல்வான், நாளைக்குச் சொல்வான். ஏழாவது வருஷம் பழைய குளிர்காய்ச்சல் திரும்பி வந்து கட்டிலோடு தூக்கிப் போட்டது. அப்போதுதான் உளறினான். "ஏறுடா... கன்னி, ஏறு... எறங்கி நிக்காத... வுட்டுட்டு வாடா!" காய்ச்சல் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. துருக்கிக்காரன் பீரங்கி அடித்தான், இவர்கள் மூன்று பேரும் மேட்டின் அந்தப் பக்கமாக இறங்கிவிட்டார்கள், இறங்கும் முன் மேலிருந்து இவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், பள்ளத்தில் ஒரு குதிரை விழுந்து கிடந்தது, தம்பி தரையில் நின்று நாலு கடிவாளத்தையும் பிடித்துக்கொண்டிருந்தான், வந்து வாங்கும் கைக்காக, அடுத்த குண்டு அங்கேயே விழுந்தது. ஏறி உட்கார் என்று இவன் அவனுக்குச் சொல்லவில்லை. குதிரை பிடிக்கத் தெரிந்தவன்தானே என்று விட்டுவிட்டான். பட்டியின் சட்டம் இவனுக்குத் தெரியும், மறந்துவிட்டான். அவ்வளவுதான் இவன் செய்த தப்பு. தப்பைக்கூட நான் மன்னித்திருப்பேன். ஓடிவிட்டான் என்று சொன்னதைத்தான் மன்னிக்க முடியாது. முதல் உளறலுக்கு அடுத்த நாளே கெங்கம்மாவிடம் ஓடினேன். அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. "அனுப்புனவன் நீதானே மாமா. அவரு ஓடிட்டாருன்னா ஒனக்குப் பழி. செத்துட்டாருன்னா அழுது தீத்துக்கலாம். காய்ச்சல்ல ஒளறுனதுக்கு நான் தாலி அறுக்கணுமா? பாத்தவன் வாயால சொல்லட்டும்." அவளும் விடமாட்டாள், நானும் விடவில்லை, வைத்தியம் பார்த்தேன், கஞ்சி கொடுத்தேன், மலம் அள்ளினேன். ஊரில் விசுவாசம் என்றார்கள். விசுவாசமா. கடன்காரன் வீட்டு வாசலில் படுத்துக் கிடப்பது விசுவாசமா.

சைக்கிள் மணி. ரொசாரியோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இன்னாப்பா, பேசற நெலமைல இருக்காரா?" "பேசுவாரு சார்." பேசத்தான் வேண்டும். தலையணையை உயர்த்தி, வாயைத் துடைத்து, "தொரை, ஒங்க கத எழுத வந்திருக்காரு" என்றேன். கண் திறந்தது. அந்த நீலம் மட்டும் அப்படியே இருக்கிறது, கப்பலில் இருந்து இறங்கின அன்று பார்த்த நீலம். சமையல்கட்டு வாசலில் கெங்கம்மா வந்து நின்றுவிட்டாள், எப்போது வந்தாள் தெரியாது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. ரொசாரியோ இங்கிலீஷில் கேட்கிறார், லாயத்து இங்கிலீஷ் எனக்குப் புரியும். பிறந்த ஊர், சேர்ந்த வருஷம், கலிப்பொலி. பீர்ஷெபாச் சண்டையில் குதிரைகள் பாய்ந்தபோது நீங்களும் இருந்தீர்களா என்றார். "இல்லை. நான் அந்தப் பக்கம் மேட்டுக்குப் பின்னால் வயிற்றுப்போக்கோடு குந்திக்கொண்டிருந்தேன், அதை எழுதிக்கொள்" என்றான். ரொசாரியோ சிரிக்கிறார். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். மூச்சு வாங்குகிறது இவனுக்கு. சீக்கிரம் வா. யோர்தானுக்கு வா. வந்தான். புழுதியைச் சொன்னான், கொசுவைச் சொன்னான். "நாலு குதிரை போச்சு" என்றான். நாலு குதிரையின் பெயரையும் சொன்னான். பின்ச்சர், டாலி, கிழட்டு மாகி, பிரின்ஸ். டாலிக்கு வலது முன்னங்கால் மட்டும் வெள்ளை, பிரின்ஸ் ரொட்டி திருடும். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. குதிரைக்கு வழிகிறது. "யார் பிடித்திருந்தது?" என்று ரொசாரியோ கேட்டார், பேனாவைத் தூக்கிக்கொண்டு. இவன் கூரையைப் பார்த்தான். "ஒரு குதிரைக்காரன். கொண்டு ஓடிவிட்டான்." ரொசாரியோ தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். எழுதிவிட்டார், மறுபடியும் எழுதிவிட்டார்கள். "அப்புறம்?" என்றார்.

"இன்னா சொல்றாரு மாமா?" என்று கெங்கம்மா வாசலில் இருந்து கேட்டாள். எப்படி வந்ததோ, அவன் காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு தமிழில் கத்திவிட்டேன். "தொரை! கன்னியப்பன் இன்னா ஆனான்? இதோ அவன் பொண்டாட்டி நிக்குது. அதுகிட்ட சொல்லுங்க. ஒங்க வாயால சொல்லுங்க." ரொசாரியோ, "ஏய், மெதுவா பேசுப்பா, சாவறவரு" என்றார். கெங்கம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் இவன் முன்னால் வந்து நின்றதே இல்லை, நான் எத்தனை தடவை கூப்பிட்டேன், இன்றைக்குத்தான், சாகப் போகிறான் என்றதும்தான் வந்தாள். இவன் அவளைப் பார்த்தான். நெற்றியைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன், அவள் முகத்தில் பதினாறு வயசு தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது. சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். உதடு அசைந்தது. "ஓடிட்டான்மா" என்றான், எங்களிடம் கற்ற அதே பட்டித் தமிழில். "நல்ல பையன். எங்கியோ நல்லா இருப்பான். புள்ள குட்டி இருக்கும்." அவள் ஒரு மூச்சு விட்டாள், பாரம் சுமந்து வந்தவள் இறக்கி வைத்தபோது விடுகிற மூச்சு. குனிந்து அவன் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் தம்பியைப் பள்ளத்தில் விட்டுவிட்டு வந்த கையை. "எவளோட இருந்தா இன்னா, உசுரோட இருந்தா போதும்" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "கூடப் பொறந்தவன சாகடிச்சுட்டுத்தான் ஒனக்குத் தூக்கம் வரும்னு நெனச்ச, இல்ல? இருபத்தெட்டு வருசமா எங்கிட்ட வந்து வந்து செத்தான் செத்தான்னு சொன்னியே மாமா. ஒன் நாக்கு அழுகிப் போவாதா?"

போய்விட்டாள். ரொசாரியோவும் பேனாவை மூடினார், தட்டச்சு செய்து அடுத்த வாரம் கொண்டு வருகிறேன், கையெழுத்துப் போட ஆள் இருந்தால் பார்க்கலாம் என்று என் காதோடு சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். நானும் இவனும் மட்டும். எப்போதும் போல. கழுத்தை நெரிக்கலாம். இந்த எண்ணெய்க் கையால் நெரிக்கலாம், ஒரு நிமிஷம் ஆகாது. "ஏன் தொரை பொய் சொன்னீங்க?" என்றேன். இருமினான். "அது மூஞ்சியப் பாத்தியா நீ?" என்றான். பார்த்தேன். அதுதான் தாங்கவில்லை. இரக்கத்தில் சொன்னானா, பயத்தில் சொன்னானா, முப்பத்தேழு வருஷம் சொன்ன பொய் தானாக வந்துவிட்டதா, இவனுக்கே தெரியாது. "அப்ப எனக்கு?" என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். "ஒனக்குத்தான் தெரியுமே, தேசிங்கு. நின்னுக்கினே இருந்தான். நான் மேலேர்ந்து பாத்தேன்." காய்ச்சல் இல்லை, உளறல் இல்லை, சுத்தமான பேச்சு. காலைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். "கெங்கம்மா! ஏ கெங்கம்மா!" அவள் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள், நடையில் ஒரு துள்ளல். தாம்பரம் மின்சார ரயில் நடுவில் வந்து மறைத்தது. போன பிறகு சாலை காலியாக இருந்தது. திரும்ப வந்தேன். "இன்னொரு தடவ சொல்லுங்க தொரை. நான் போய்க் கூட்டியாரேன், அது வர்ற வரைக்கும் இருங்க. அதுகிட்டச் சொல்லுங்க." வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கூப்பிட்டால் வருவாளா. வந்தால் என்னை நம்புவாளா, இல்லை, இவன் சொன்ன உயிரைப் பிடுங்கத்தான் மறுபடி வருகிறேன் என்பாளா. அவளிடமிருந்து அதைப் பிடுங்க எனக்கு மனசு வருமா. வரும். வர வேண்டும். என் தம்பி திருடன் இல்லை. காலை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன், முட்டிவரை சில்லிட்டுவிட்டது, மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகில் விரல் வைத்தேன், இருக்கிறது, எனக்குத் தர வேண்டியது இன்னும் இவன் வாய்க்குள்ளேயே இருக்கிறது.